அடையாள அட்டை இலக்கத்தைக் கடவுச்சொல்லாக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் தனியார் கல்வி நிலையங்களும் மருத்துவ நிலையங்களும் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களும் நகைக்கடைகளும் தமக்கென மென்பொருள்களைச் செய்வித்துப் பயன்படுத்தத் தொடங்கியுள்ளன. அவற்றிற் பலவற்றை ஆக்குபவர்கள் இங்கேயே படித்து இங்கேயே தொழில் செய்யும் இளையோர் என்பது மகிழ்ச்சிக்குரியது. அத்தகைய ஆக்கங்களைப் பார்வையிடும் வாய்ப்புத் தொழில் நிமித்தம் எனக்குக் கிடைத்து வருகிறது. அவற்றில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு வழக்கத்தைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். பயனரின் பெயராகத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பதும், முதற் கடவுச்சொல்லாகவும் அதே இலக்கத்தையோ அதன் கடைசி நான்கு இலக்கங்களையோ கொடுத்துவிடுவதும், அதனைப் பின்னர் எவரும் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதுமே அவ்வழக்கம். வாசலில் எழுதப்பட்ட வீட்டிலக்கத்தையே பூட்டின் திறப்பாகவும் வைத்துக்கொள்வதற்கு ஒப்பான செயல் இது.

ஆட்களைப் பதிவு செய்யும் 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்டு வரும் இந்த இலக்கம் எக்காலத்திலும் இரகசியமாக இருந்ததில்லை. வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியிலும், கிராம அலுவலரின் பதிவேட்டிலும், விடுதியில் ஓரிரவு தங்கினாலுங்கூட அங்கிருந்த பெயர்ப் புத்தகத்திலும் நாம் எழுதிக் கொடுத்த இலக்கம் அது. இன்றும் வங்கிப் படிவம், வேலை விண்ணப்பம், காணி உறுதி, சிம் அட்டை வாங்கும் கடையின் பிரதி என்று எங்கும் அது இருக்கிறது. ஒருவர் யார் என்பதைச் சுட்டுவதற்கு அது போதும். வந்திருப்பவர் அவர்தானா என்பதை நிறுவுவதற்கு அது எவ்வகையிலும் போதாது.

இலக்கத்தின் அமைப்பு நிலைமையை மேலும் மோசமாக்குகிறது. பழைய ஒன்பது இலக்க முறையில் முதலிரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். 1985 பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த ஒரு பெண்ணின் இலக்கம் 85532 என்றே தொடங்கும். எஞ்சுபவை நான்கே இலக்கங்கள், அதாவது அதிகபட்சம் பத்தாயிரம் வாய்ப்புகள். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டு முழுமையாக நான்கு இலக்கங்களில் வருவதால் எஞ்சுபவை ஐந்து. ஓர் இலட்சம் வாய்ப்புகள். முகநூலில் பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்து, பிறந்த ஆண்டையும் அறிந்த எவரும், ஒரு செக்கனுக்குப் பத்து முயற்சிகள் செய்யும் சிறு நிரலொன்றை எழுதி ஓடவிட்டால், பழைய இலக்கத்தைப் பதினேழு நிமிடத்திற்குள்ளும் புதியதை மூன்று மணித்தியாலத்திற்குள்ளும் கண்டுபிடித்துவிடலாம். தவறான முயற்சிகள் சில நடந்ததும் கணக்கைச் சற்று நேரம் முடக்கும் ஏற்பாடு இருந்தால் இது நடவாது. நான் பார்த்த சிறு மென்பொருள்களில் அந்த ஏற்பாடு இருந்தவை அரிது.

பாதுகாப்பை ஒருபுறம் வைத்தாலும், இந்த இலக்கத்தைத் தரவுத்தளத்தின் முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொரு பதிவையும் பிரித்தறியும் இலக்கமாக, பயன்படுத்துவது நிரலாக்க ஒழுங்குக்கே பொருந்தாதது. பழைய அட்டையை வைத்திருந்தவர் புதிய அட்டையைப் பெறும்போது, முன்னால் 19 என்பதும் இடையில் ஒரு பூச்சியமும் சேர்ந்து, கடைசியில் இருந்த ஆங்கில எழுத்து நீங்கி, அவருடைய இலக்கம் வேறு தோற்றம் பெறுகிறது. இவ்விரண்டும் ஒருவரையே குறிப்பவை என்பதை அறியாத மென்பொருள் அவரை இருவராகப் பதிகிறது. மருத்துவ நிலையமொன்றில் ஒரே நோயாளியின் ஒவ்வாமைக் குறிப்பு ஒரு பதிவிலும் இன்று கொடுக்கும் மருந்து இன்னொரு பதிவிலும் இருப்பதன் ஆபத்தை வாசகர்கள் தாமே ஊகிக்கலாம். அட்டையே பெறாத சிறுபிள்ளைகளும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் விடுமுறையில் வந்து சிகிச்சை பெறும் உறவினரும் இம்முறைக்குள் அடங்கமாட்டார்கள். அவர்களுக்காக எழுதுவினைஞர்கள் 000000000 என்று தட்டச்சிடுவதை நான் நேரிற் கண்டிருக்கிறேன். மென்பொருள் தானே உருவாக்கும், எந்தப் பொருளுமில்லாத ஓர் உள் இலக்கத்தைச் சாவியாக வைத்துக்கொண்டு, அடையாள அட்டை இலக்கம் உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் அதனைத் திருத்தக்கூடிய இன்னொரு தகவலாகச் சேமிப்பதே சரியானது.

இத்தகைய இலக்கத்தை நம்பிய நாடுகள் பட்டபாடு நம் கண்முன்னே இருக்கிறது. தென் கொரியாவின் குடியிருப்பாளர் பதிவு இலக்கத்திலும் பிறந்த திகதியும் பாலினமும் அடங்கியிருந்தன. இணையத்தளங்கள் பலவும் அதனைக் கேட்டு வாங்கிச் சேமித்தன. 2011 இல் ஒரே ஊடுருவலில் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பயனர்களின் விபரங்கள் வெளியேறின. ஈற்றில் 2014 ஓகஸ்ட் முதல், சட்டம் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி அந்த இலக்கத்தை எவரும் சேகரிக்கக் கூடாது என்று அந்நாடு தடை செய்தது. இந்தியாவின் ஆதார் இலக்கத்தில் பிறந்த திகதியோ பாலினமோ பொதிந்திருக்கவில்லை. அப்படியிருந்தும், அதனை எங்கும் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்காக 2018 இல் மாற்றத்தக்க மெய்நிகர் இலக்கமொன்றை அறிமுகப்படுத்தினார்கள். இலங்கையும் இந்திய நிதியுதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை முன்னெடுக்கிறது. எவ்வளவு சிறந்த அட்டை வந்தாலும், அதன் இலக்கத்தை ஊர் மென்பொருள்கள் கடவுச்சொல்லாகவே நடத்துமாயின் பழைய நிலைமையே தொடரும்.

உள்நுழைந்த பின்னர் நடப்பதையும் சொல்ல வேண்டும். மாணவர் ஒருவர் தன் புள்ளிகளைப் பார்க்கும் பக்கத்தின் முகவரியில் இறுதியிலுள்ள 214 என்பதை 215 என்று மாற்றினால் அடுத்த மாணவரின் புள்ளிகளும் பெற்றோரின் தொலைபேசி இலக்கமும் தெரிகின்றன. உள்நுழைந்தவர் யார் என்று கேட்ட நிரல், கேட்கப்படும் பதிவு அவருக்குரியதா என்று கேட்க மறந்துவிட்டது. இதனை அற்ப விடயமென்று நினைக்கும் இளம் நிரலாளர்கள், நம்மவர் பலரும் வாடிக்கையாளராக இருந்திருக்கக்கூடிய அவுஸ்திரேலியாவின் ஒப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்திற்கு 2022 செப்டெம்பரில் நேர்ந்ததைப் படிக்க வேண்டும். ஏறத்தாழ 98 இலட்சம் பேரின் விபரங்கள், அவர்களுட் பலரின் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திர இலக்கங்கள் உட்பட, அங்கிருந்து வெளியேறின. 2018 இல் அணுகல் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட நிரல் வழுவே அதற்குக் காரணம் என்றும், 2021 இல் ஓரிடத்தில் அதனைத் திருத்தியவர்கள் பயன்பாட்டில் இல்லாத இன்னோரிடத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள் என்றும் அந்நாட்டின் தொடர்பாடல் ஒழுங்குமுறை அதிகாரசபை நீதிமன்றத்தில் முன்வைத்தது. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021 இல் வெளியிட்ட பத்து முக்கிய ஆபத்துகளின் பட்டியலில் இவ்வகைத் தவறே முதலிடத்தில் இருந்தது.

கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. விடை நெடுங்காலமாகத் தெரிந்தது. மூலச் சொல்லைத் திரும்பப் பெற முடியாதவாறு ஒருவழி மாற்றம் செய்து, ஒவ்வொரு பயனருக்கும் வெவ்வேறான சீரற்ற துணுக்கொன்றைச் சேர்த்தே சேமிக்க வேண்டும் என்பதைக் கணினி ஆய்வாளர்களான மொரிஸும் தொம்சனும் 1979 இலேயே எழுதிவிட்டார்கள். அதற்கென வேண்டுமென்றே மெதுவாக இயங்குமாறு ஆக்கப்பட்ட பிகிரிப்ட் 1999 இல் வந்தது. ஆர்கன்2 என்பது 2015 இல் அதற்கான போட்டியில் தெரிவானது. நம்மூரில் மிகுதியாகப் பயன்படும் பிஎச்பி மொழியில் 2013 முதல் ஒரே வரியில் இதனைச் செய்யலாம். இவ்வளவும் இருக்க, வேகமாக இயங்குவதால் எளிதில் ஊகிக்க இடந்தரும் பழைய மாற்ற முறையான எம்டி5 போதுமென்று இன்னமும் கற்பிக்கும் வகுப்புகள் உண்டு. லிங்க்ட்இன் நிறுவனம் துணுக்குச் சேர்க்காமல் சேமித்திருந்த 65 இலட்சம் கடவுச்சொற்கள் 2012 இல் ஊடுருவலொன்றின் பின் வெளியாயின. அதே ஊடுருவலில் 11 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் சிக்கியிருந்தமை 2016 இலேயே தெரியவந்தது. மென்பொருள் வாங்குவோர் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று அழுத்தும்போது பழைய கடவுச்சொல்லே குறுஞ்செய்தியில் வந்து சேர்ந்தால், அது எவரும் வாசிக்கக்கூடியவாறு, அல்லது எளிதில் மீட்கக்கூடியவாறு சேமிக்கப்பட்டிருக்கிறது; பணம் கொடுக்குமுன் திருத்தித் தருமாறு கேளுங்கள்.

என்னை மேலும் கவலைக்குள்ளாக்குவது, ஆக்கியவரின் அடையாளமும் நிறுவனத்தின் அடையாளமும் ஒன்றாகக் கலந்து கிடப்பதாகும். இணையத்தளத்தின் பெயரும், சேவையகக் கணக்கும், நாளாந்தப் பிரதி எடுக்கும் இடமும் இளைஞர் ஒருவருடைய சொந்த ஜிமெயில் கணக்கில் பதியப்பட்டிருக்கும். அவர் மேற்படிப்புக்காகக் கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போனபின், ஆண்டுக் கட்டணம் செலுத்துமாறு வரும் நினைவூட்டல் எவர் கண்ணிலும் படாமல் அந்தக் கணக்கிலேயே கிடக்கும். ஒருநாள் தளம் மறைந்துவிடும். மறுபுறத்தில், அவர் போய்ச் சில ஆண்டுகள் சென்ற பின்னரும் சங்கத்தின் கடன் பதிவேடுகள் முழுவதையும் அவரால் அங்கிருந்து திறந்து பார்க்க முடியும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் அவருடைய மடிகணினி களவுபோகாது என்று எவர் உறுதி சொல்வது? எல்லாக் கணக்குகளும் நிறுவனத்தின் மின்னஞ்சலில், நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். இருவராவது அவற்றைத் திறக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் விலகும் நாளிலேயே அவருடைய அனுமதியும் நீக்கப்பட வேண்டும்.

உள்ளே பணிபுரிபவர்களுக்கும் இதுவே பொருந்தும். கருமபீடத்தில் இருக்கும் நால்வரும் அட்மின் என்ற ஒரே கணக்கைப் பயன்படுத்தும் இடத்தில், அடகு நகையின் நிறை யாரால் மாற்றப்பட்டது என்ற கேள்விக்கு மென்பொருள் பதில் சொல்லாது. குற்றமற்றவரின் மீதும் சந்தேகம் விழும். ஆளுக்கொரு கணக்கும், அவரவர் வேலைக்குத் தேவையான அளவு அனுமதியும், மாற்றங்களைக் குறித்துக்கொள்ளும் பதிவும் இருப்பது முதலாளியைக் காட்டிலும் ஊழியர்களுக்கே பெரிய பாதுகாப்பு. அந்தப் பதிவுகளில் கடவுச்சொல்லையே எழுதிவிடும் நிரல்களும் உண்டு என்பதை இவ்விடத்தில் எச்சரிக்கையாகக் குறிப்பிடுகிறேன்; முகநூல் நிறுவனமே அவ்வாறு கோடிக்கணக்கான கடவுச்சொற்களை உள்ளகப் பதிவுகளில் வைத்திருந்ததை 2019 இல் ஒப்புக்கொண்டது.

மாணவர்கள் தம் செயற்திட்டங்களை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையத்தளமான கிட்ஹப்பில் இடுவது நல்ல பழக்கமே. ஆனால் தரவுத்தளக் கடவுச்சொல்லும் குறுஞ்செய்திச் சேவையைப் பயன்படுத்துவதற்கான இரகசியத் திறவுகோலும் நிரலுடன் சேர்ந்து அங்கே போய்விடுகின்றன. பின்னர் அந்த வரியை அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது இருந்துகொண்டே இருக்கும். திறவுகோலையே இரத்துச் செய்து புதியதைப் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை. பிறர் பார்க்க முடியாத தனிப்பட்ட களஞ்சியந்தானே என்ற எண்ணமும் காப்பாற்றாது. ஊபர் நிறுவனத்தின் தனிப்பட்ட களஞ்சியத்திற் கிடந்த திறவுகோலைக் கொண்டே 2016 இல் 5 கோடி 70 இலட்சம் பேரின் தரவுகள் எடுக்கப்பட்டன.

இவை யாவும் நற்பழக்கம் பற்றிய அறிவுரை என்ற எல்லையைக் கடந்துவிட்டன. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், குறித்த நோக்கத்திற்குத் தேவையான அளவு தரவை மட்டும் சேகரிக்குமாறும் அதனைத் தகுந்த முறையிற் பாதுகாக்குமாறும் கோருகிறது. மீறலொன்றிற்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்க அதில் இடமுண்டு. ரியூசன் வகுப்பு வரவைக் குறிப்பதற்குப் பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம் எதற்கு என்று கேட்டால் எந்த நிலைய நிர்வாகியிடமும் விடை இராது.

ஆகவே, யாழ். பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையும், தொழில்நுட்பக் கல்லூரியும், தகவல் தொழில்நுட்பப் பாடநெறிகளை நடத்தும் தனியார் நிறுவனங்களும் இறுதிச் செயற்திட்டங்களுக்குப் புள்ளியிடும்போது திரையின் அழகுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பகுதியையாவது இவற்றிற்குக் கொடுக்க வேண்டுமென வேண்டுகிறேன். பரீட்சகர் முகவரியிலுள்ள இலக்கத்தை ஒருமுறை மாற்றிப் பார்த்து, தரவுத்தளத்தில் கடவுச்சொற்கள் சேமிக்கப்பட்டுள்ள இடத்தைத் திறக்கச் சொன்னாலே போதும். அந்தப் பத்து நிமிடச் சோதனையில் தேறாத செயற்திட்டத்தைத் திருத்திக்கொண்டு வருமாறு திருப்பியனுப்புவது மாணவருக்குக் கொடுமை செய்வதாகாது. வெளியே வாடிக்கையாளரின் பணமும் நோயாளியின் விபரமும் கைக்கு வருமுன் அவர் அதனைக் கற்றுக்கொள்கிறார்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கண்டெடுக்கப்பட்ட அடையாள அட்டைகளின் படங்களை உரியவரைச் சேரட்டும் என்ற நல்லெண்ணத்துடன் ஊடகங்களும் முகநூற் பக்கங்களும் முழு இலக்கத்துடன் வெளியிடுகின்றன. பெயரும் ஊரும் தெரிந்தாலே உரியவர் வந்துவிடுவார். தங்கள் பத்திரிகையில் அத்தகைய படங்கள் வெளியாகும்போது இலக்கத்தையும் பிறந்த திகதியையும் மறைத்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மென்பொருள் பொறியியலாளர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.