கடைக்காரர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விற்பனை ரசீதை மின்னணு வழியில் வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் மின்-விலைப்பட்டியல் முறைக்கு மாறச் சொன்னால் நம் வணிகர்கள் கேட்பதில்லை என்று ஆலோசகர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். மலேசியாவில் ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிய கடைகளுக்கும் 2026 ஜனவரி 1 முதல் இது வந்துவிட்டது. மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மென்பொருளைத் திணிப்பதால் பயனில்லை.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடைக் கல்லாவருகே நின்று பாருங்கள். கடன் எழுதும் பற்று நோட்டில் பெயரும் தொகையும்தான் இருக்கும். யார் சம்பளம் வாங்கியதும் கட்டுவார், யாருக்கு இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்பதெல்லாம் கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது. நோட்டைப் பிடுங்கினால் கடையில் அவருக்கிருந்த மதிப்பும் போகும். அவர் எதிர்த்துப் பேசமாட்டார்; "சரியா வரலீங்க முதலாளி" என்பதோடு முடித்துக்கொள்வார். முதலாளியின் அச்சம் வேறு. விற்பனை முழுதும் வருமான வரி வாரியத்துக்குத் தெரிந்தால் பழைய ஆண்டுகளையும் கிளறுவார்களோ என்பது. அதைச் சொல்லக் கூசி, "நேரமில்லை" என்பார். அவரோடு தனியாக, அவருடைய வரிக் கணக்காளரையும் வைத்துக்கொண்டு பேச வேண்டிய விஷயம் இது.

சில மறுப்புகள் முழுக்க நியாயமானவை. துவரம்பருப்பை மூட்டையாக வாங்கி 250 கிராம், 1 கிலோ என்று கட்டி விற்கும் கடையில், வாங்கும் அளவையும் விற்கும் அளவையும் மென்பொருளில் இணைக்காவிட்டால் முதல் வாரமே இருப்புக் கணக்கு தாறுமாறாகும். பொருள் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், கல்லாவில் நிற்கும் பெண் வெந்தயத்தைத் தேடிக் கிடைக்காமல் 'பலசரக்கு' என்று அடித்துவிடுவார். மாதக் கடைசியில் அதை யார் பிரிப்பது?

ஆலோசகர்களே, முதல் சந்திப்பில் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். ஒரு சனிக்கிழமை மாலையும் ஒரு மாதக் கடைசி நாளும் கடையில் இருங்கள். "ஏன் வேண்டாம்?" என்று கேட்காமல், "இது வந்தால் எந்த வேலை கெடும்?" என்று கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள், முதலாளி அருகில் இல்லாதபோது. பிறகு ஒரே கல்லாவில், அதிகம் விற்கும் 50 பொருளோடு நான்கு வாரம் ஓட்டுங்கள். பழைய நோட்டும் கூடவே இருக்கட்டும். ஆனால் அதை மூடும் தேதியை முதல் நாளே சுவரில் ஒட்டுங்கள். இரட்டை வேலை இழுத்துக்கொண்டே போனால் ஆட்கள் கைவிடுவது புதியதைத்தான். தீபாவளி நெருக்கத்தில் எதையும் தொடக் கூடாது.

"மூன்று வெள்ளிக் கொத்தமல்லிக்கும் பட்டியலா?" என்பது பலருடைய கவலை. வாடிக்கையாளர் கேட்காவிட்டால் மாத விற்பனையைத் தொகுத்து, மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒன்றாக அனுப்பலாம். ஒரே விற்பனை 10,000 வெள்ளியைத் தாண்டினால்தான் கட்டாயமாகத் தனிப் பட்டியல். தவறாக அனுப்பியதை 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். இதை முதலிலேயே சொல்லாத ஆலோசகர், பிறகு வரும் மறுப்புக்கு முதலாளியைக் குறை சொல்லக் கூடாது. பட்டியல் அனுப்ப வாரியமே நடத்தும் மைஇன்வாய்ஸ் இணையத்தளம் இலவசம். அதுவே போதுமான கடைக்கு விலைகூடிய மென்பொருளை விற்க வந்தால், வேண்டாம் என்கிற முதலாளி சரியாகத்தான் சொல்கிறார்.

வணிக ஆலோசகர்,
செந்தூல், கோலாலம்பூர்