ஷோரூமுக்குப் பின்னால் ஒரு ரேஸ் அணி

வணக்கம் நண்பர்களே. பழைய டட்சன் கார்களைப் பற்றி நேற்று பேச்சு வந்ததே, அதையொட்டி பாப் ஷார்ப் அணியின் கதையைச் சொல்லத் தோன்றியது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டட்சன் கார் விற்றவர் பாப் ஷார்ப். விற்ற காரையே பந்தயத்திலும் ஓட்டினார். எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு நடத்தும் அமெச்சூர் பந்தயங்களில் ஆறு முறை தேசியப் பட்டம் வென்றார், முதலாவது 1967-இல். ஜப்பானியக் கார்களை அங்கே பலரும் ஏளனமாகப் பார்த்த காலம் அது. வார இறுதியில் ஜெயிக்கும் காரைத் திங்கட்கிழமை ஷோரூமில் பார்ப்பவருக்கு வேறு விளம்பரம் எதற்கு?

நடிகர் பால் நியூமன் இந்த அணியில் ஓட்டியது பலருக்குத் தெரியாது. பெயருக்கு ஓட்டியவர் அல்ல. 1979-இல் 280இசட்எக்ஸ் காரில் தேசியப் பட்டம், பிறகு 1985, 1986 இரண்டு ஆண்டுகளிலும் 300இசட்எக்ஸ் டர்போவில் ஜிடி1 என்ற பந்தயப் பிரிவில் பட்டம். கடைசிப் பட்டத்தின்போது வயது 61! எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஷார்ப்பின் மகன் ஸ்காட் இதே அமெச்சூர் களத்திலிருந்து வளர்ந்து, 1996-இல் இண்டி ரேசிங் லீக் என்ற தொழில்முறைக் கார் பந்தயத் தொடரின் பட்டத்தை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார்.

பாப் ஷார்ப் அணியின் சிவப்பு, வெள்ளை, நீலக் கார்களின் படம் யாரிடமாவது இருந்தால் குழுவில் போடுங்கள்.