‘மற்றும் பலர்’ யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் வந்த விளையாட்டுத் திரைப்படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். நாயகர்கள் உடம்பை எப்படித் தயார் செய்தார்கள் என்பதையெல்லாம் அக்கறையோடு எழுதிய கட்டுரையாளர், சிறு பாத்திரங்களில் நடித்தவர்களை மட்டும் ‘மற்றும் பலர்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிட்டார். இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. எங்கள் பகுதியில் இன்றும் பேசப்படுகிறவர்கள் அந்தப் பலர்தான்.

குத்துச்சண்டைப் படமான ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் அமேசான் பிரைமில் வெளியானபோது வீட்டில் எல்லோரும் சேர்ந்தே பார்த்தோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் டான்சிங் ரோஸ் என்ற எதிர் முகாம் வீரர் வருவது கொஞ்ச நேரமே. கைகளைத் தொங்கவிட்டுத் தற்காப்பே இல்லாதவர்போல் நின்று, எதிராளியை ஆசைகாட்டி அருகே இழுத்து, குத்து வரும் கணத்தில் இடுப்புக்கு மேலே உடம்பை வளைத்து நழுவிவிடும் அந்த ஆட்டத்தை, மேடை நாடகத்திலிருந்து வந்த ஷபீர் கல்லரக்கல் ஒரு கேலிக்கூத்தாக்கிவிடாமல், தன் கலையின்மேல் பெருமை கொண்ட ஒரு வீரனின் நடையாகவே செய்து காட்டினார். நாயகன் கபிலன் அந்தக் காலாட்டத்தைக் கணித்து அவரை வீழ்த்தியபோது எங்கள் வீட்டில் ஒருவரும் கைதட்டவில்லை. நாயகன் வென்றதற்கு வருந்தும்படி பார்வையாளரைச் செய்வது எவ்வளவு பெரிய காரியம்!

என் தந்தை துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று சுவரொட்டி ஒட்டிய போட்டிகளுக்குச் சிறுவயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். குத்து சரியாக விழுந்ததா இல்லையா என்பது கூட்டத்தின் கடைசியில் நிற்கும் எங்களுக்குத் தெரியாது. ஆனால், மேடையோரம் நிற்கும் வாத்தியாரின், அதாவது பயிற்சியாளரின், முகத்தைப் பார்த்தே என் தந்தை சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தால் இன்றும் குத்துச்சண்டைப் படம் பார்க்கும்போது என் கண் மேடையோரத்துக்கே போகிறது. ‘சார்பட்டா’வில் அங்கே, எதிர் முகாமின் துரைக்கண்ணு வாத்தியாராக ஜி. எம். சுந்தர் இருக்கிறார், டாடி என்று எல்லோரும் அழைக்கும் கெவினாக ஜான் விஜய் இருக்கிறார். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு பழகி வளர்ந்தவர்களுக்கு, நம் சினிமா அவர்களை எத்தனை முறை வெறும் நகைச்சுவைக்காகப் பயன்படுத்தியிருக்கிறது என்பது தெரியும். ஜான் விஜயின் டாடியோ, ஆங்கிலம் கலந்த பேச்சும் குத்துச்சண்டையின்மேல் தீராத காதலுமாக, எங்கள் தெருவில் குடியிருந்த ஒருவரைப் போலவே இருந்தார். (பசுபதியின் ரங்கன் வாத்தியாரைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் நான் விடுகிறேன்.)

காளி வெங்கட்டின் பெயரும் கட்டுரையில் இல்லை. 2016இல் வந்த ‘இறுதிச்சுற்று’ படத்தில் எங்கள் வடசென்னைப் பெண் மதியின் குடிகாரத் தந்தை சாமிக்கண்ணு, ‘சார்பட்டா’வில் கோணி சந்திரன், 2024இல் வந்த ‘லப்பர் பந்து’வில் கருப்பையா என மூன்று இயக்குநர்களின் மூன்று விளையாட்டுப் படங்களில் மூன்று வெவ்வேறு மனிதர்களாக அவர் வந்திருக்கிறார். ‘இறுதிச்சுற்று’ படத்தில் பஞ்ச் பாண்டியனாக வந்த நாசருக்காவது ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

‘வெண்ணிலா கபடி குழு’வில் கடைக்காரரிடம் கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து பரோட்டா வைக்கச் சொன்ன சூரியை மக்களே ‘பரோட்டா சூரி’ என்று பெயரோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. ஷபீர் கல்லரக்கல் என்று எங்கள் தெருப் பிள்ளைகளிடம் சொன்னால் யாரென்று கேட்கிறார்கள். டான்சிங் ரோஸ் என்றதும் எழுந்து அந்த நடையை நடந்து காட்டுகிறார்கள்.

ஆகவே, இனித் தங்கள் இதழில் வரும் திரை விமர்சனங்களின் கீழே, பாத்திரத்தின் பெயரையும் நடித்தவரின் பெயரையும் சேர்த்து ஒரு சிறு பட்டியலாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லையென்றால் நாயகரின் படத்தைச் சற்றே சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21