தண்ணீர்தான் என்றார்கள்

அன்பு மகளே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் பதில் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. மார்பைப் பெரிதாக்க ஊசி போட்டுக்கொள்ளப் போவதாகவும், கத்தியே படாது, ஒரு மணி நேர வேலை, உள்ளே போவதில் 98 சதவீதம் தண்ணீர்தான் என்றும் சொன்னாய். அந்தத் தண்ணீர்க் கணக்கைக் கேட்டதும் எனக்கு வாயடைத்துப் போனது.

நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஆபரேஷன் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கொழுப்புக் கட்டி என்று உன்னிடம் சொன்னேன். பொய். நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், 1999இல், நானும் இதே மாதிரி ஊசி போட்டுக்கொண்டேன். உன் அப்பாவுக்கே அது ரொம்பப் பிறகுதான் தெரியும்.

எனக்குப் போட்டது பாலிஅக்ரிலமைடு என்கிற செயற்கை ஜெல். அதிலும் 95 சதவீதத்துக்குக் குறையாமல் தண்ணீர்தான். கணக்கில் அவர்கள் ஏமாற்றவில்லை. மிச்சம் இருக்கிற அந்தச் சொச்சம் உடம்பில் கரையாது என்பதைத்தான் சொல்லவில்லை. முதல் ஒன்றரை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று நான் சந்தோஷப்பட்டதும் உண்மை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

நீ பிறந்து பால் ஊறத் தொடங்கியதும் வந்தது வினை. ஒரு பக்கம் கல் மாதிரி இறுகி, சிவந்து, குளிர்காய்ச்சல். ஊசி விட்டு உறிஞ்சியபோது பாலும் ஜெல்லும் கலந்து வந்தது. அதோடு தாய்ப்பாலை நிறுத்தியாயிற்று. உனக்குப் பால் பத்தவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதுவும்... சரி, விடு.

அப்புறம் பல வருடம் அது சும்மா கிடந்தது. பிறகு கைக்கு உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது, வலித்தது, நகரவும் ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்து மார்புக்குள் வைக்கிற இம்பிளாண்ட் என்றால் ஓர் உறை இருக்கும்; தகராறு வந்தால் பெரும்பாலும் உறையோடு எடுத்துவிடலாம். ஜெல்லுக்கு வேலி கிடையாது. எனக்கு மார்பைத் தாண்டி விலாவுக்கு இறங்கியிருந்தது. வயிறு வரைக்கும் இறங்கியவர்கள் உண்டு என்றார் டாக்டர். தசைக்குள் ஊறியிருந்ததை முழுக்க வழிக்க முடியவில்லை. வழிப்பதென்றால் என் சதையையும் சேர்த்தே வெட்ட வேண்டுமாம். மிச்சம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

சீனாவில் 1997இல் இந்த ஜெல்லுக்கு அனுமதி கொடுத்து, 2006இல் தடை செய்தார்கள். அப்போது உனக்கு ஐந்து வயது, எனக்கு ஏழு வருடம் தாமதம்.

இப்போது வருவது வேறு பெயர், வேறு ஜெல் என்பாய். இருக்கலாம். ஆனால் கரைந்துவிடும் என்று சொல்லி வந்த ஹயலூரோனிக் ஜெல்லையே, மார்பு ஸ்கேனில் குழப்பம் வருகிறது என்று, தயாரித்தவர்களே 2012இல் மார்புக்கு விற்பதை நிறுத்திக்கொண்டார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மார்பைப் பெரிதாக்க ஊசியில் போடும் எந்த ஃபில்லருக்கும் ஒப்புதல் தரவில்லை.

எனக்கு வலிகூடப் பழகிவிட்டது. மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம்தான் பழகவில்லை. படத்தில் ஜெல் எது, கட்டி எது என்று பிரிக்கத் தெரியாமல் ஒவ்வொரு முறையும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புகிறார்கள். என் ஜெல் புற்றுநோயை வரவழைக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வந்தால் மறைத்து வைத்துக்கொள்ளுமே என்ற பயத்தில்தான் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை தூக்கம் வருவதில்லை.

உன் உடம்பு, உன் சம்பாத்தியம். நானே செய்துகொண்டவள், உன்னைத் திட்ட எந்த முகத்தோடு வருவேன்? ஒன்று மட்டும் செய். அந்த மருந்தின் பெயரை டப்பாவில் இருக்கிறபடியே எழுதி அனுப்பு. அடுத்த மாதம் எனக்கு எம்.ஆர்.ஐ. இருக்கிறது, அப்போது டாக்டரிடம் காட்டிக் கேட்கிறேன். யாருக்கு என்று சொல்ல மாட்டேன்.

அதுவரை முன்பணம் கட்டிவிடாதே.

அம்மா