கத்தரிக்கோலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். போன மாதம் செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றில், ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்த சாக்கைக் கிளறிக்கொண்டிருந்தேன். காப்பிக் கணக்கு நோட்டுகளுக்கு நடுவே ஒரு கடித உறை. இடப்பக்கம் சிவப்பு முத்திரையில் ஆகாயக் கப்பலின் மூக்கு மட்டும் தெரிந்தது. வலது மூலையில் சதுரமாக ஓட்டை. தபால்தலையை வெட்டி ஒரு பையனுக்கு இரண்டு ரூபாய்க்கு விற்றுவிட்டார்களாம். திருப்பினால் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் ஊர் முத்திரை. அதில் ஆண்டு இருந்த இடத்தையும் அதே ஓட்டை தின்றிருந்தது.

அது செப்பலின் தபால்; அதாவது, வாயு நிரப்பிப் பறக்கும் ‘செப்பலின்’ என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பலில் போன கடிதம். அந்தக் கப்பல்களில் ஒன்றான கிராஃப் செப்பலின் நம் வானில் பறந்ததே இல்லை; 1929இல் உலகைச் சுற்றியபோதுகூட சைபீரியா வழியாகத்தான் டோக்கியோ போனது. இந்தியாவுக்கென்று கிளம்பிய பிரிட்டனின் ஆகாயக் கப்பல் ஆர் 101, அன்றைய இந்தியாவின் கராச்சியைக் காணாமலே 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் விழுந்து 48 பேரைப் பலிகொண்டது. ஆனால் கடிதத்துக்குக் கால் உண்டு. கப்பல் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ரயிலேறி, மலையேறி வந்துவிடும். அப்படி வந்த வழியைச் சொல்வது முத்திரைகள்தான், தபால்தலை அல்ல. கிராஃப் செப்பலினின் 1931 வடதுருவப் பயணச் செலவில் பெரும்பங்கு, இப்படி உறை அனுப்பிய சேகரிப்பாளர்களின் பணம்.

ஓரம் கருகிய உறை கிடைத்தால் அழகுபடுத்துவதாக நினைத்துக் கருகலை நறுக்கிவிடாதீர்கள். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் என்ற இன்னொரு செப்பலின் எரிந்தபோது அதிலிருந்த 17,000க்கும் மேற்பட்ட தபால்களில் தப்பியவை சில நூறுதான். அவற்றுக்குக் கருகல்தான் சான்று. (கருகியதெல்லாம் ஹிண்டன்பர்க் ஆகாது; அடுப்பங்கரையிலும் காகிதம் கருகும்.)

லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். கிராஃப் செப்பலின் 590 முறை பறந்தது. அதன் தபால் பலவும் எளிதில் கிடைப்பவையே. ஆனாலும் எடைக்குப் போடும் விலையைவிடப் பல மடங்கு தருவேன், உறை முழுசாக இருந்தால். வெளிநாட்டு உறை எதுவானாலும் வெட்டாமல், தண்ணீரில் ஊறவைக்காமல், ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள். ஞாயிறுதோறும் வருகிறேன்.

அந்தப் பையன் மறுபடி வந்தால் ஒன்று சொல்லுங்கள்: தபால்தலையின் பின்னால் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்க வேண்டாம். மீதி உறை என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சாக்குகளைக் கலைக்கும் கண்ணாடிக்காரன்