விண்டோஸ் 11-க்கு மாறச் சொன்னது நீங்கள், வைஃபை போனது எனக்கு

பெறுநர்
தலைமை அதிகாரி,
லேப்டாப் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விண்டோஸ் 11-க்கு மாறியபின் லேப்டாப்பில் வைஃபை நிலைக்காமல் அறுந்துபோவது, உங்கள் ஊழியர் என் கணினியில் பழைய பதிப்பை அழித்தது, சேவை மையத்தில் ஆன்டெனா வயர் கழன்றது. ஏற்கெனவே மூடப்பட்ட நான்கு புகார்களின் தொடர்ச்சி.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்துக்கு "ரௌட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யவும்" என்று பதில் அனுப்பாதீர்கள். மூன்று வாரத்தில் ஆறு முறை அழைத்திருக்கிறேன், ஆறு முறையும் முதல் வார்த்தை அதுதான். செய்தாயிற்று. 30 விநாடி அணைத்து வைத்தாயிற்று, ராத்திரி முழுக்க அணைத்து வைத்தும் பார்த்தாயிற்று. அதே ரௌட்டரில் இரண்டு போன்களும் இன்னொரு லேப்டாப்பும் ஒருமுறைகூட அறுந்துபோகாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் மாடலைப் பற்றி உங்களுக்கே விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் உங்கள் ஆட்களோடு பேசிய பிறகு, தெருவில் கொல்லன் யாராவது இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆசைப்பட்டு மாறவில்லை, வேறு வழியில்லாமல் மாறினேன். அதுவும் லேப்டாப்போடு வந்த உங்கள் சொந்த அப்டேட் மென்பொருளே "இந்தக் கணினி தயார்" என்று பச்சை டிக் போட்டுக் காட்டிய பிறகுதான். அன்று மாலையே தொடங்கியது. மூடியைச் சாத்திப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் வைஃபை ஐகானையே காணோம். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், வைஃபை கார்டு வரும் நெட்வொர்க் அடாப்டர் வரிசையில் மஞ்சள் முக்கோணம். உள்ளே போனால் கோட் 10, அதாவது சாதனம் தொடங்க மறுக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் வரும். வந்தாலும் 20 முதல் 40 நிமிடத்துக்குள் விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 10400 என்ற எண்ணோடு என்டிஐஎஸ் (விண்டோஸின் நெட்வொர்க் பகுதி) எச்சரிக்கை ஒன்று பதிவாகிறது. அடாப்டர் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது என்று அதில் எழுதியே இருக்கிறது. சில நேரம் திரும்ப இணைந்தாலும் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நிற்கும். ரௌட்டரிடமிருந்து ஐபி முகவரி வாங்கவே இல்லை என்று அர்த்தம்.

இதை ரௌட்டர் கோளாறு என்று எழுதி என் முதல் புகாரை மூடினார்கள்.

ரௌட்டர் இல்லை என்பதற்குப் போன்களே சாட்சி. லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு பழுதா? லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து இதே லேப்டாப்பை ஏற்றி, இதே கார்டில், இதே இடத்தில் ஆறு மணி நேரம் ஓடவிட்டேன். ஒருமுறைகூட அறவில்லை. விண்டோஸ் 11 கோளாறா? இதே விண்டோஸில் ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிளைச் செருகினேன், அதுவும் ஒழுங்காக ஓடியது. அப்படியானால் மிச்சம் இருப்பது கார்டையும் விண்டோஸையும் இணைக்கும் டிரைவர் மென்பொருள் மட்டுமே. உங்கள் ஆட்கள் ஒருவராவது இந்த மூன்றில் ஒன்றைச் செய்து பார்க்கச் சொன்னார்களா? பென் டிரைவ் சோதனையை நான் சொன்னபோது, "லினக்ஸ் எல்லாம் போட்டா வாரண்டி போயிரும் சார்" என்று பதில் வந்தது. பென் டிரைவிலிருந்து ஏற்றினால் ஹார்ட் டிஸ்கில் எதுவும் எழுதப்படாது என்பதுகூடத் தெரியாத ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அந்த ஆளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெயர் எழுதவில்லை, பதிப்பு மாற்றிய மூன்றாம் நாள் மாலை அழைப்பின் ஒலிப்பதிவு உங்களிடமே இருக்கும். தயவுசெய்து அதை முழுக்கக் கேளுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் "பவர் மேனேஜ்மென்ட்" தாவலுக்குப் போகச் சொன்னார். அப்படி ஒரு தாவலே இல்லை என்றேன். "நல்லாப் பாருங்க சார், கண்ணு முன்னாடிதான் இருக்கும்" என்றார். மூன்று முறை. உங்கள் மாடல் மாடர்ன் ஸ்டாண்ட்பை முறையில், அதாவது போனைப்போல அரைத்தூக்கத்தில், உறங்குவது. கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையைப் போட்டு, அதோடு சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்தால் எஸ்0 என்று (அந்த உறக்க முறையின் குறியீடு) அதுவே சொல்லும். அந்த வகைக் கணினிகளில் அந்தத் தாவல் பொதுவாகத் தெரியாது. இதைச் சொன்னதும், "நீங்க எஞ்சினியரா, நான் எஞ்சினியரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்று பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு ரிமோட்டில் வருகிறேன் என்றார். வைஃபை இல்லையே என்றதற்கு, போனை யூஎஸ்பி வயரில் இணைத்து இணையம் தரச் சொன்னார். கொடுத்தேன். உள்ளே வந்தவர் டிரைவர் பக்கமே போகவில்லை, நேராக டிஸ்க் கிளீனப்பைத் திறந்தார். "இடம் இல்லாட்டி வைஃபை ஸ்லோ ஆகும் சார்." டிரைவில் பாதிக்கு மேல் காலி. திரையில் கர்சர் மேலிருந்து கீழே இறங்கி, இருக்கிற பெட்டி ஒவ்வொன்றிலும் டக் டக்கென்று டிக் போட்டுக்கொண்டே போனது. "முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்" என்ற வரியிலும் டிக் விழுந்தது. அதை எடுங்கள் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், இதை அழித்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்ற எச்சரிக்கை வந்தது. அதற்கும் யெஸ் கொடுத்துவிட்டார். படித்துப் பார்க்கக்கூட இல்லை.

போனது என்னவென்று உங்களுக்குத் தெரியும். பதிப்பு மாற்றிய நாளிலிருந்து 10 நாளைக்குப் பழைய விண்டோஸ் அப்படியே "விண்டோஸ் டாட் ஓல்டு" என்ற ஃபோல்டரில் இருக்கும். செட்டிங்ஸில் ரெக்கவரிக்குப் போய்ப் பின்வாங்கலாம். போதாவிட்டால் டிஸ்ம் என்ற விண்டோஸ் பராமரிப்புக் கட்டளையில் அந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டலாம். பின்வாங்கவே வேண்டாம் என்று வைத்துக்கொண்டாலும், அதே ஃபோல்டருக்குள் டிரைவர் ஸ்டோர் என்ற இடத்தில், இரண்டு வருடம் ஒரு நாள்கூடத் தகராறு செய்யாத பழைய வைஃபை டிரைவர் முழுசாக இருந்தது. அதை அடுத்த நாள் எடுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன். எனக்கு இன்னும் 7 நாள் மிச்சம் இருந்தது. 7 விநாடியில் முடித்துவிட்டார். முடித்துவிட்டு, "இப்ப ஃப்ரீ ஆயிருச்சு சார், ஃபைவ் ஸ்டார் குடுத்துருங்க" என்றார்.

அந்த ஒரு கிளிக்கின் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். இந்த மூன்று வாரத்தில் என் வேலை மொத்தமும் படுத்துவிட்டது, ஆயுளில் ஐந்து வருடம் குறைந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். காணொளிக் கூட்டத்தின் நடுவே பாதி வாக்கியத்தில் உறைந்து நின்றவர்களுக்கு மிகையாகத் தெரியாது.

டிரைவரின் பண்புகளில் "ரோல் பேக்" பொத்தானை அழுத்தச் சொன்னவரும் உண்டு. சாம்பல் நிறத்தில் அழுந்தாமல் கிடந்தது, கிடக்கத்தான் செய்யும். புதிய விண்டோஸைப் பொறுத்தவரை இதுதான் முதல் டிரைவர், திரும்பிப்போக முந்தையது எதுவும் இல்லை. அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள். மென்பொருளையும் நீக்கு என்ற டிக் போடாமல் நீக்கினால் அதே டிரைவர் ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்து உட்காரும். டிக் போட்டு நீக்கினால் விண்டோஸ் அப்டேட் அதையே மறுபடி இறக்குகிறது. நெட்வொர்க் ரீசெட் இரண்டு முறை செய்ய வைத்தார்கள். அதுவும் இதே டிரைவரை எடுத்துத்தான் போடும். இடையில் என் விபிஎன் அமைப்புகள் போனதுதான் மிச்சம். ஷட்டவுன் செய்து ஆன் செய்யச் சொன்னவருக்கு ஒரு தகவல்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல, டிரைவர்கள் முதலிலிருந்து ஏறாது. ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அல்லது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுக்க வேண்டும். உங்கள் பயிற்சிக் குறிப்பில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் பலர் பிழைப்பார்கள்.

சரி, கோளாறின் வேர் எங்கே என்று சொல்கிறேன். உங்கள் தளத்தில் விண்டோஸ் 11 வைஃபை டிரைவர் என்று ஒன்று இருக்கிறது. நிறுவினால் "இந்தக் கணினிக்குப் பொருந்தாது" என்கிறது. பொதியைப் பிரித்து, உள்ளே இருந்த ஐஎன்எஃப் கோப்பை, அதாவது டிரைவர் எந்தெந்தக் கார்டுக்கு என்று பட்டியலிடும் கோப்பை, நோட்பேடில் திறந்தேன். டிவைஸ் மேனேஜரில் டீட்டெயில்ஸ் தாவலில் ஹார்டுவேர் ஐடி என்று ஒரு நீள வரி வரும். வென், டெவ், சப்சிஸ் என்று மூன்று எண்கள் அதில் இருக்கும். வென் என்றால் சிப் செய்தவர், டெவ் என்றால் சிப் வகை, சப்சிஸ் என்றால் எந்தப் பலகையில், யாருக்காகப் பொருத்தியது என்பது. என் கார்டின் வென், டெவ் எண்களே அந்தக் கோப்பில் இல்லை. அதாவது ஒரே மாடலில் இரண்டு வகை கார்டு போட்டு விற்றிருக்கிறீர்கள். புது டிரைவரை ஒரு வகைக்கு மட்டும் போட்டுவிட்டு, இன்னொரு வகையை விண்டோஸ் அப்டேட்டின் பொது டிரைவரிடம் விட்டுவிட்டீர்கள். அந்தப் பொது டிரைவருக்கு இந்தக் கார்டை உறக்கத்திலிருந்து எழுப்பத் தெரியவில்லை. விண்டோஸ் 10-க்கான பழைய டிரைவரையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். பச்சை டிக் மட்டும் எல்லாருக்கும்.

சேவை மையக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. முதல் நடையில் "ரௌட்டரையும் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நடையில் லேப்டாப்போடு ரௌட்டரையும் அதன் வயரையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். ரௌட்டரைச் செருகிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் வைஃபையில் இணைத்து, ஐந்து நிமிடம் ஒரு வீடியோவை ஓடவிட்டு, "நல்லா வருது சார்" என்றார்கள். மூடியைச் சாத்திப் பத்து நிமிடம் வையுங்கள் என்று கெஞ்சினேன். நேரமில்லையாம். ஆனால் அடிமூடியைக் கழற்றி, "கார்டை ஒருதடவை எடுத்துப் போட்டா சரியாயிரும்" என்று செய்வதற்கு நேரம் இருந்தது.

எம்.2 என்ற சிறிய வடிவில் இருக்கும் அந்த வைஃபை கார்டின் மேல் மிளகைவிடச் சின்னதாக இரண்டு இணைப்பு முனைகள் இருக்கும், இரண்டு ஆன்டெனா வயர்களுக்கு. நேராக வைத்து அழுத்தினால் "டிக்" என்று உட்காரும், சாய்த்து அழுத்தினால் உட்கார்ந்த மாதிரி தெரியும். உங்கள் ஆள் சாய்த்து அழுத்தியிருக்கிறார். எப்படித் தெரியும் என்றால், போவதற்கு முன் ரௌட்டரிலிருந்து மூன்றடி தூரத்தில் இணைப்பு வேகம் 866 எம்பிபிஎஸ் காட்டியது. வந்த பிறகு அதே இடத்தில் 433, சரியாகப் பாதி. 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இரண்டு ஆன்டெனா இருந்தால் 866, ஒன்றே இருந்தால் 433. கணக்கு அவ்வளவுதான். ஆக, ஒரு கோளாறோடு போனவன் இரண்டோடு திரும்பி வந்தேன். நான்காவது புகாரையும் "வாடிக்கையாளர் திருப்தி" என்று மூடிவிட்டீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. என் கார்டுக்கான, டிஜிட்டல் கையொப்பமிட்ட விண்டோஸ் 11 டிரைவரைத் தாருங்கள். அது தயாராகும்வரை பழைய டிரைவர் பொதியையாவது தளத்தில் திரும்பப் போடுங்கள், கையால் ஏற்றிக்கொள்கிறேன். இரண்டும் முடியாவிட்டால், டிரைவர் இருக்கிற அந்த இன்னொரு வகைக் கார்டை மாற்றிப் போட்டுத் தாருங்கள். ஒரே ஒரு திருகுதான். ஆன்டெனா வயரை, வயர் எது முனை எது என்று தெரிந்த ஒருவரை வைத்து என் கண் முன்னால் பொருத்துங்கள். புகார்களில் "ரௌட்டர் கோளாறு", "வாடிக்கையாளர் திருப்தி" என்று எழுதியதைத் திருத்துங்கள். வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அதையும் இந்த மூன்று வாரத்தையும் சேர்த்து நீட்டிக் கொடுங்கள்.

உங்கள் தயாரிப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கீபோர்டு, திரை, பேட்டரி மூன்றையும் இன்றும் நாலு பேரிடம் மெச்சித்தான் பேசுகிறேன். அதனால்தான் 15 நாள் அவகாசம் தருகிறேன். அதற்குள் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடமிருந்து அழைப்பு வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் விண்டோஸே எடுத்துக் கொடுத்த வைஃபை அறிக்கையையும் 10400 பதிவுகளையும் 866, 433 காட்டும் ஸ்கிரீன்ஷாட்களையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். மூன்றாம் நாள் அழைப்பின் ஒலிப்பதிவையும் அங்கே கேட்டு வாங்குவேன். அதை அழித்துவிட்டோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் ஆட்களின் அழிக்கும் வேகம் எனக்குத் தெரியும்.

விரைவான பதிலை எதிர்பார்க்கிறேன். நன்றி.

இப்படிக்கு,
இரண்டு வருட வாடிக்கையாளர்

இணைப்பு: கடைசி மூன்று நாள் வைஃபை அறிக்கை, ஹார்டுவேர் ஐடி வரி, ஐஎன்எஃப் கோப்பின் நகல், வேகம் காட்டும் ஸ்கிரீன்ஷாட்கள் இரண்டு, நான்கு புகார் ரசீதுகள்.

பி.கு.: ரௌட்டரின் பவர் அடாப்டரை இரண்டாம் நடையில் உங்கள் சேவை மைய மேசையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர், கறுப்பு, வயரில் நீல டேப் சுற்றியிருக்கும். இப்போது இரவல் அடாப்டரில் ஓட்டுகிறேன். அதையும் அனுப்பி வையுங்கள்.