ஆறு மணி ஸ்கூட்டர்

அன்புள்ள வசந்தா,

நலம். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பரீட்சை முடிந்து பேரன் இங்கேதான் இருக்கிறான்.

அன்று போனில் உன் வீட்டுக்காரரைப் பற்றி நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் இறந்த பிறகும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது, எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்துவிடுகிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே, பைத்தியம் என்பார்கள் என்றாய். நான் சொல்லவில்லை. ஆனால் தேடிப் படித்தேன். வேல்ஸில் டூயி ரீஸ் என்றொரு டாக்டர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் எழுதியிருக்கிறார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இப்படி நடந்திருக்கிறது. பக்கத்தில் ஆள் இருப்பதாகத் தோன்றியவர்களே அதிகம். சிலருக்கு உருவம், சிலருக்குக் குரல். நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இது கூடுதல். அவர்களிலும் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். உன் கூட்டம் பெரியதுடி.

போன வாரம் பேரன், வேறோர் இடத்திலேயே நிற்பதுபோலக் காட்டும் அந்த விஆர் கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டான். உயரமான கட்டடத்திலிருந்து வெளியே நீட்டிய ஒற்றைப் பலகை. காலடியில் இருப்பது எங்கள் வீட்டு மொசைக் தரைதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கால் நகர வேண்டுமே! அவன் சிரிக்கிறான், படவா. படம் என்னவோ பொம்மைப் படம் மாதிரிதான். தலையைத் திருப்பினால் காட்சியும் சேர்ந்து திரும்புகிறது, உடம்புக்கு அது போதும்போல. தத்ரூபமெல்லாம் அப்புறம்தான். தருமபுரி மியூசியத்தில், இறந்த வீரனுக்காக நட்ட நடுகல் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? வில்லும் அம்புமாக ஓர் ஆள், முகச்சாயல் என்று ஒன்றும் கிடையாது. அந்த மாதிரிக் கல்லுக்குத்தான் அந்தக் காலத்தில் மயில்பீலி சூட்டிக் கள் படைத்தார்கள்.

கொரியாவில் 2020இல் ஒரு தொலைக்காட்சி, இறந்துபோன சிறுமியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி அவள் அம்மாவைச் சந்திக்க வைத்தது. கையுறை மாட்டிய கையால் அந்தத் தாய் காற்றைத் தடவுகிறாள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். அவளுக்கு ஆறுதலாக இருந்தால் சரி, குறை சொல்ல நான் யார். ஆனால் உன் வீட்டுக்காரரை, நம் அண்ணாவை, அப்படிச் செய்து தருகிறேன் என்று எவனாவது உன் வாசலுக்கு வந்தால் விரட்டிவிடுவேன். அதில் அவர் பேசுவார், சிரிப்பார், நீ வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே நீ எழுந்து பால் வைக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஆறு மணிக்குள் வந்துவிடுவேன். பாலை எனக்கும் சேர்த்து வை.

அன்புடன்,
கமலா